பம்பரத்தில் இரண்டு ப

“அக்கா, அவங்களுக்கு என் மேல கோபமா?” என்று கேட்டுக்கொண்டேதான் அன்றைக்கு அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். பாட்னாவிலிருந்து வந்து பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் என்னிடம் பேச்சுத் தமிழ் படிக்க வருவாள். நடந்தது இதுதான். மதியம் பக்கத்து இருக்கைப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். தமிழிலேயே கூப்பிட்டு அசத்திவிடலாம் என்று அவள் முன்னால் போய் நின்று, “நாங்க சாப்பிடப் போறோம்” என்றிருக்கிறாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, “சரி, போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி வேலையில் இறங்கிவிட்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ‘நாம’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். நாம என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. நாங்க என்றால் கேட்கிறவர் வெளியே. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான். போதாததற்குப் பாட்னா பக்கத்துப் பேச்சில் ‘நான்’ என்பதற்கும் அதே ‘ஹம்’ வந்து நிற்கும். பாவம், அவள் என்ன செய்வாள்?

அவள் போன பிறகு யோசித்தேன். இந்த வித்தியாசத்தை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் தன்மைப் பன்மை என்று இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எழுதிப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அம்மா சொல்லித் தந்ததாக ஞாபகமே இல்லை. ஆனால், “நாங்க சினிமாவுக்குப் போறோம்” என்று அண்ணன்கள் சொன்னால் எனக்கு டிக்கெட் இல்லை என்பது ஐந்து வயதிலேயே தெரிந்திருக்கிறது. அந்த ‘ங்க’வைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிடுவேனாம்.

நான் மொழியியல் படித்தவள் இல்லை. இருபத்தாறு வருடம் புத்தகங்களுக்கு ப்ரூஃப் பார்த்தவள். இங்கே ஒற்று மிகுமா மிகாதா, இது வல்லின றவா இடையின ரவா என்று சிவப்பு மையில் காலம் தள்ளியவள். கண் ஒத்துழைக்காமல் போனதும் அந்த வேலையை விட்டுவிட்டு, வெளியூர்க்காரர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எனக்குத்தான் தமிழ் தெரியுமே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதல் மாதத்திலேயே அந்தத் திமிர் இறங்கிவிட்டது.

மொழியைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு ரகம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்று: உலகத்திலேயே மூத்த மொழி எது, கஷ்டமான மொழி எது, எதில் சொற்கள் அதிகம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழைக் கெடுக்கிறார்களா இல்லையா. கேட்பவருக்குப் பதில் முன்பே தெரியும். நாம் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் படிக்க வருகிறவர்கள் கேட்பது வேறு ரகம். அதற்குப் பதில் என் வாயில் இருக்கும், ஆனால் எனக்குத் தெரியாது.

உதாரணத்துக்கு, நேற்று–நாளை பாடம் நடத்திய அன்று நடந்ததைச் சொல்கிறேன். இந்தியில் நேற்றுக்கும் ‘கல்’, நாளைக்கும் ‘கல்’. நான் கொஞ்சம் நக்கலாகவே கேட்டுவிட்டேன், “நேத்தும் நாளைக்கும் ஒண்ணுன்னா எப்படிம்மா குடும்பம் நடத்துறீங்க?” அவள் சளைக்கவில்லை. “வினைச்சொல்லு இருக்குல்ல அக்கா, வந்தான்னா நேத்து, வருவான்னா நாளைக்கு” என்றாள். அப்புறம் நோட்டைத் திருப்பி, நான் எழுதிக் கொடுத்திருந்த ‘பம்பரம்’ என்ற சொல்லைக் காட்டினாள். அதன் கீழே தன் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். முதல் ப-வுக்கு ஓர் எழுத்து, இரண்டாவது ப-வுக்கு வேறோர் எழுத்து. “நீங்க ரெண்டுக்கும் ஒரே எழுத்து வெச்சுக்கிட்டு எப்படி அக்கா குடும்பம் நடத்துறீங்க?”

இரண்டும் ஒரே ப-தானே என்றேன். இல்லை என்றாள். பம்பரம், பம்பரம் என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். தொண்டைக்குழியில் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னாள். முதல் ப-வில் உதடு திறக்கிற வரை தொண்டை சும்மா இருக்கிறது. ம்-முக்குப் பின்னால் வரும் ப-வில் அதிர்வு விடாமல் ஓடுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, பம்பரத்தில் இரண்டு ப இருக்கிறது என்று.

அன்றிரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் க, த, ப எல்லாம் வன்மையாக ஒலிக்கின்றன: கல், பத்து, அக்கா, அப்பா. மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்கின்றன: அங்கே, பந்து, அம்பு. இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இன்னும் தளர்ந்துவிடுகின்றன. ‘மகன்’ என்பதில் வரும் க கிட்டத்தட்ட மூச்சுக்காற்றுதான். இதில் எதையும் நாம் யோசித்துச் செய்வதில்லை. எந்த ப எங்கே வரும் என்பது இடத்தைப் பொறுத்துத் தானாகவே முடிவாகிவிடுவதால், அதற்குத் தனி எழுத்து வைப்பது மைக்குக் கேடு. நம் எழுத்தை வகுத்தவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

கணக்கு உதைப்பது கடன் வாங்கிய சொற்களில். ‘பாட்டில்’ என்று எழுதிவிட்டு யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். ‘அந்தப் பாட்டில் ஒரு வரி’ என்றால் ஒரு ப, ‘தண்ணி பாட்டில்’ என்றால் இன்னொரு ப. செய்தது பாவம் என்றால் ஒன்று, நாட்டியத்தில் முகபாவம் என்றால் மற்றொன்று. தமிழ் எழுதுவது போலவே படிக்கக்கூடிய மொழி என்று நானே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பாட்னாப் பெண்ணிடம் மட்டும் அதை இனிமேல் சொல்ல முடியாது.

இன்னொரு மாணவர் ஜப்பான்காரர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் என்ஜினீயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, என்னை ‘சென்செய்’, அதாவது ஆசிரியரே, என்று கூப்பிடுவார். அவருக்குத் தமிழ் வாக்கியம் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு மாதிரியானவை பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ‘தோக்யோவிலிருந்து ரயிலில் வந்தேன்’ என்பதை உறுப்பு உறுப்பாக அப்படியே மாற்றி வைத்துவிடலாம். அவருக்குக் கண்டமாக வந்தது ல-வும் ர-வும். ஜப்பானிய மொழியில் அந்த இரண்டு ஒலிக்கும் இடையே பொருள் வித்தியாசம் கிடையாது. கடையில் போய்ப் பால் கேட்டிருக்கிறார். அவர் வாயில் அது “பாரு” என்று வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட வெளிநாட்டுக்காரர் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பாரு வேண்டும் என்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? தெருமுனையைக் கையால் காட்டி, “லெஃப்ட்ல திரும்புங்க சார்” என்றிருக்கிறார். இவரும் நம்பிப் போயிருக்கிறார்.

இது நாக்குப் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து காட்டினேன், நுனிநாக்கு எங்கே இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார், “சென்செய், எனக்குக் கேட்கலை.” கலை, கரை என்று நான் மாறி மாறிச் சொன்னது அவர் காதில் ஒரே சொல்லாக விழுந்திருக்கிறது. சிக்கல் காதில் இருந்தது. இதைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஜேனட் வெர்க்கர் என்கிற உளவியலாளரும் ரிச்சர்ட் டீஸ் என்பவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தியின் த-வையும் ட-வையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்திருக்கிறார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டன. பத்து மாதம் தாண்டி ஒரு வயது நெருங்கும்போது அதே வீட்டுக் குழந்தைகளால் முடியவில்லை. வீட்டில் தேவைப்படாத வித்தியாசத்தைக் காது ஒரு வயதுக்குள் மூட்டைகட்டி வைத்துவிடுகிறது. பேச ஆரம்பிக்கும் முன்பே இது முடிந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு அதிர்ச்சி.

ஜப்பான்காரரைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு விஷயம் உறைக்க நேரம் பிடித்தது. கரை–கறை, அரம்–அறம், மரம்–மறம். இருபத்தாறு வருடத்தில் நான் திருத்திய பிழைகளில் இந்த ர–ற பெரும் பங்கு. ஏன் இவ்வளவு தப்பு வருகிறது? ஏனென்றால் நமக்கும் கேட்பதில்லை. குமரி மாவட்டத்துக்காரர்கள் சிலர் பேச்சில் இன்றும் பிரித்துக் காட்டுவார்கள். சென்னையில் வளர்ந்த என் காதில் இரண்டும் ஒன்று. எழுத்து ஞாபகம் வைத்திருப்பதைக் காது மறந்துவிட்டது. காதால் பிரிக்க முடியாததைக் கண்ணால் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

சரி, கொச்சை விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக்காரர்களின் கேள்விகளிலேயே என்னை அதிகம் மாற்றியது இதுதான், ஏனென்றால் ஒரு காலத்தில் நானே அதைக் கேட்டவள். பேச்சுத் தமிழ் என்பது எழுத்துத் தமிழைச் சோம்பேறித்தனமாகச் சிதைத்தது, அதற்கு இலக்கணம் கிடையாது என்று முழுமனதாக நம்பியிருந்தேன். இலக்கணம் இல்லாததை எப்படிப் பாடமாக எடுப்பது என்ற கவலையில் முதல் வாரம் தூக்கமே வரவில்லை.

‘அவ வந்தா’ என்பதற்கும் ‘அவன் வந்தான்’ என்பதற்கும் பேச்சில் என்ன வித்தியாசம்? ஜப்பான்காரர்தான் கேட்டார். தொலைபேசியில் யாரோ சொன்னதில் வந்தது ஆணா பெண்ணா என்று அவருக்குப் புரியவில்லையாம். அவன் என்பதில் ன் வருமே என்றேன். “வரலையே” என்றார். சொல்லிப் பார்த்தால் உண்மைதான். சாதாரணமாகப் பேசும்போது ‘வந்தான்’ என்பதன் கடைசியில் நாக்கு மேலே போய் ன் என்று ஒட்டுவதே இல்லை. ஆகாரத்தை மூக்கு வழியாக விட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். ‘வந்தா’ளில் ள் மொத்தமாகப் போய்விட்டது, மூக்கில் சத்தம் இல்லை. மூக்கின் பக்கவாட்டில் விரலை லேசாக வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள், ஒன்றில் விர்ரென்று அதிரும். ஓர் ஆணையும் பெண்ணையும் நாம் தினமும் மூக்கை வைத்தே பிரித்துக்கொண்டிருக்கிறோம். ‘அதோ மரம்’ என்று அவசரமில்லாமல் சொல்லும்போதும் கண்ணாடியில் பாருங்கள், கடைசி ம்-முக்கு உதடு ஒட்டாது.

சிதைந்து போன ஒன்றில் இவ்வளவு ஒழுங்கு இருக்காது. ஆளாளுக்கு ஒரு விதமாகச் சிதைந்திருக்கும். ஆனால் ‘வந்து விட்டேன்’ எல்லார் வாயிலும் ‘வந்துட்டேன்’ ஆகிறது, ‘போய் விட்டேன்’ ‘போயிட்டேன்’ ஆகிறது. யாரும் தப்பித் தவறிக்கூட ‘வந்துவ்டேன்’ என்று சொல்வதில்லை. எழுத்துத் தமிழை வீட்டுப் பேச்சாகக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குழந்தையை நான் பார்த்ததில்லை. ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதைப் பள்ளிக்கூடம் போய்த்தான் கற்றுக்கொள்கிறோம். நான் சிவப்பு மையால் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது மொழியை. அந்த வேலையை இப்போதும் மதிக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டரும் நூறு வருடமும் தள்ளி இருக்கிறவர்கள் ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டும் என்றால் பொதுவாக ஒரு நடை வேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு காய்கறிக்காரம்மாவின் தமிழுக்கு மார்க் போட எனக்கு உரிமை இல்லை.

குழந்தை என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணன் பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. சோபாவிலிருந்து விழுந்து, அழுது, எல்லாம் முடிந்த பிறகு கதை சொன்னாள்: “பாப்பா விழுந்துச்சு. பாப்பா அழுந்துச்சு.” அண்ணி உடனே திருத்தினார்கள்.

“அழுந்துச்சு இல்லடி, அழுதுச்சு.”

“ஆமா. அழுந்துச்சு.”

“அ-ழு-து-ச்-சு.”

“அழுந்துச்சு பாட்டி!” என்று இன்னும் பலமாகச் சொன்னாள், பாட்டிக்குக் காது கேட்கவில்லை போல என்று நினைத்து.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சொல் தொண்டையில் முள் மாதிரி நின்றது. இந்த அர்த்தத்தில் ‘அழுந்துச்சு’ என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. அவள் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. விழு என்றால் விழுந்துச்சு, அப்படியானால் அழு என்றால்? கணக்கு சரிதானே! மொழிதான் நியாயமில்லாமல் நடந்துகொள்கிறது. விழுந்தான், எழுந்தான் என்று ஒரு பக்கம், அழுதான், உழுதான், தொழுதான் என்று இன்னொரு பக்கம். கேட்டதைத் திரும்பச் சொல்வதுதான் குழந்தை மொழி கற்கும் விதம் என்றால் இந்தப் பிழையே வந்திருக்காது. ஜீன் பெர்கோ என்பவர் 1958-இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். குருவி மாதிரி ஏதோ ஒன்றை வரைந்து அதற்கு ‘வக்’ என்று இல்லாத ஒரு பெயரை வைத்து, இப்போது இரண்டு இருக்கிறது, இவை என்ன என்று ஆங்கிலக் குழந்தைகளிடம் கேட்டார். யாரும் எங்கும் கேட்டிராத ‘வக்ஸ்’ என்ற பதில் வந்தது. பேத்தியின் அழுந்துச்சு சில மாதம் கழித்து யாரும் திருத்தாமலே காணாமல் போனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

குழந்தைகளுக்குக் கணக்குப் போட ஒன்றுமே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் 1970களுக்கு முன்னால் காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் அவரவர் வீட்டிலேயே தனித்தனியாக இருந்தார்கள். 1977-இல் தலைநகர் மனாகுவாவில் பள்ளி வந்து பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது உதடு பார்த்து ஸ்பானிய மொழி படிப்பது. அது பெரிதாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதை எடுத்து இன்னும் இறுக்கி, ஒழுங்காக்கி, முழு மொழியாகவே ஆக்கிவிட்டார்கள். ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் 1986-இல் அங்கே போய்ப் பார்த்தபோது ஆசிரியர்களுக்கே பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புரியவில்லை. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழிக்காரருக்கும் பிரிட்டிஷ் சைகை மொழிக்காரருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது.

இப்போது பெரியப்பாவின் கேள்வி. எந்த விசேஷத்திலும் அவர் என்னைப் பிடித்துக்கொள்வார். “ஏம்மா, உலகத்துல முதல்ல தோன்றிய மொழி தமிழ்தானே?” எண்பத்திரண்டு வயது மனிதர். இல்லை என்று சொல்ல மனசு வராது. ஆனால் மனிதர்கள் எழுத ஆரம்பித்தே ஏறக்குறைய ஐயாயிரம் வருடம்தான். பேச ஆரம்பித்தது அதற்குப் பல பத்தாயிரம் வருடம் முன்னால். நடுவில் இருப்பது முழு இருட்டு. பாரிஸ் மொழியியல் கழகம் 1866-இலேயே, மொழியின் தோற்றம் பற்றி எங்களிடம் கட்டுரையே கொண்டுவராதீர்கள் என்று விதி போட்டுவிட்டது. அவர்களுக்கும் நிறைய பெரியப்பாக்கள் இருந்திருப்பார்கள் போல.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கிறது, அதில் இருப்பது தமிழ். சுமேரியம் அதைவிட மூவாயிரம் வருடம் முன்பே எழுதப்பட்டது. ஆனால் இன்றைக்கு சுமேரியத்தில் கத்தரிக்காய் விலை கேட்க ஆள் இல்லை. நம்மிடம் ஆள் இருக்கிறது. பெருமைப்பட அது போதும் என்பேன். பெரியப்பாவுக்குப் போதாது. “அப்போ ஜப்பான் மொழி தமிழ்லேர்ந்து வந்ததுன்னு ஜப்பான்காரனே எழுதியிருக்கானே?” என்பார். அவர் சொல்வது சுசுமு ஓனோ என்ற பேராசிரியரை. அவர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடியது உண்மை. பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை என்பதும் உண்மை. என் மாணவருக்குத் தமிழ் வாக்கியம் சட்டென்று வந்ததை வைத்து நானும்கூட ஒரு வாரம் அதை நம்பிப் பார்த்தேன். ஆனால் வினையைக் கடைசியில் வைப்பது கொரியனிலும் இருக்கிறது, துருக்கியிலும் இருக்கிறது. சொற்கள் ஒன்றுபோல இருப்பதும் போதாது. ஆஸ்திரேலியாவில் மபாபரம் என்ற ஆதிகுடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை, சும்மா தற்செயல்.

உறவு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை பெங்களூர்ப் பேருந்தில் ஏறினால் பார்க்கலாம். பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு. பத்து ஹத்து. புலி ஹுலி. போகு ஹோகு. ஒரு சொல் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம் எனலாம். நம் ப நின்ற இடத்தில் எல்லாம் வரிசையாக ஹ நின்றால் அது ரத்த உறவு. இப்படித் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எழுதியவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், 1816-இல். அது கால்டுவெல்லுக்கு நாற்பது வருடம் முன்பு. பலுசிஸ்தானத்தில் பிராகூயி என்று ஒரு மொழி இருக்கிறது. பாகிஸ்தானின் மேற்கு மூலையில் இருபது லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். அதில் ‘நீ’ என்றால் நீதான். எண்ணும்போது அசிட், இராட், முசிட் என்று மூன்று வரை நம் வீட்டுப் பிள்ளை. நாலிலிருந்து அக்கம்பக்கத்து மொழிகளிடம் கடன். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது முதல்முறையாக அவர் என்னிடம் ஒரு நிஜக் கேள்வி கேட்டார்: “மூணோட ஏம்மா நிறுத்திட்டான்?”

எழுத்து இல்லாவிட்டால் அது மொழியே இல்லை என்பவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. ஊட்டிக்குப் போனால் தோடர்கள் பேசுவதைக் காதால் கேட்டுவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்தான். வழிவழியாக எழுதப்படாமலே வந்த மொழி. அதில் நாக்கு துடிக்கிற ர-கரம் மட்டும் ஆறு வகை. இங்கே இரண்டை வைத்துக்கொண்டே நாம் படுகிற பாடு மேலே சொன்னேன்.

மொழிதான் நம் யோசனையைத் தீர்மானிக்கிறதா என்று கேட்பார்கள். பாட்னாப் பெண்ணுக்கு வந்த சந்தேகம் வேறு விதம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்பதற்குத் தமிழில் நேர்ச் சொல் இல்லாமல் “எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க”, “எனக்கு ஒரு வீடு இருக்கு” என்று எல்லாமே ‘எனக்கு இருக்கு’ என்றுதான் வருகிறது. இந்தியிலும் ஏறக்குறைய அப்படித்தான். இப்படிப் பேசுகிறவர்களுக்குச் சொத்து ஆசை குறைவு என்று எங்கேயோ படித்தாளாம். எங்கள் ஊர் சிவில் கோர்ட் பக்கம் ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்றேன்.

ஆனால் மொழிப் பழக்கம் மனதைத் தொடவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. என் ஆச்சிக்கு, சங்கரன்கோவில் பக்கம், வலது இடது என்பதே பேச்சில் வராது. சோத்தாங்கை, பீச்சாங்கை உண்டு, அது கைக்கு மட்டும். மற்றபடி “சொம்பைக் கொஞ்சம் வடக்கால தள்ளி வையி”, “மேக்கால நகந்து உக்காரு” என்றுதான். இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் கிழக்கைக் காட்டுவாள். எங்கள் சென்னை ஃபிளாட்டுக்கு முதல்முறை வந்தவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், “இங்க கெழக்கு எதுட்டீ?” என்று கேட்டாள். பால்கனிக்குக் கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள். எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் 1990களில் தமிழ்நாட்டில் இதையே ஆராய்ந்திருக்கிறார். கிராமத்துத் தமிழர் திசை சொல்லியும் நகரத்துத் தமிழர் இடம் வலம் சொல்லியும் பேசினார்கள். பொருள்களை ஞாபகத்திலிருந்து அடுக்கச் சொன்னபோதும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. மொழி ஒன்றுதான், இலக்கணம் ஒன்றுதான். தமிழ், ஆச்சியிடமும் என்னிடமும் ஒரே மாதிரி இருந்தது, கிழக்கு மட்டும் அவளிடம் இருந்தது.

போன மாதம் எண்கள் பாடம். பாட்னாப் பெண் இப்போது நாம–நாங்கவில் தவறுவதே இல்லை. பக்கத்து இருக்கைக்காரியும் அவளும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கியவள் முகம் சரியாக இல்லை. ஆட்டோக்காரர் தொண்ணூறு என்றாராம். நூறு காதில் விழுந்ததும் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். அவர் பின்னால் கூப்பிட்டுப் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள், “அக்கா, எண்ணூறுன்னா எட்டு நூறு. தொண்ணூறுன்னா ஒன்பது பத்தா? அதுல நூறு எங்கேர்ந்து வந்துச்சு?”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுபது, எண்பது என்று எல்லாம் பது பதுவாக வந்துகொண்டிருக்க, நூறே வராத இடத்தில் தொண்ணூறு. எழுநூறு, எண்ணூறு என்று வந்துகொண்டிருக்க, ஆயிரமே இல்லாத இடத்தில் தொள்ளாயிரம். கூர்ந்து பார்த்தால் வரிசையின் தொடக்கத்திலேயே கோளாறு இருக்கிறது. ஒன்பதிலேயே பது உட்கார்ந்திருக்கிறது, பத்து வருவதற்கு முன்பே! ஒன்பது வரும் இடத்தில் எல்லாம் அடுத்த படியின் பெயர் ஒரு படி முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழைய பெயர் உண்டு, தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் இருப்பது அதுதான் என்பது வரை புத்தகத்தைப் புரட்டிச் சொன்னேன். “சரி அக்கா, ஆனா ஏன்?” என்றாள். அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். வங்கியில் முப்பத்தொரு வருடம் காசாளராக இருந்தவர். எத்தனை லட்சம் முறை இந்த எண்களைச் சொல்லியிருப்பார். “அது என்ன பெரிய விஷயம்” என்று விரலை மடக்க ஆரம்பித்தார்.

“அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூ…”

ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

“இரு, இரு. மறுபடி சொல்றேன்” என்றார்.